அடைப்புக்குறிக்குள் கனடா

இராசாத்தியால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நீர்வேலியில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். விடிந்தால் வாழைத்தோட்டம், எட்டு மணிக்குச் சந்தை, பத்து மணிக்கு வீடு. உலையில் அரிசி கொதிக்கும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்னோர் அலுவலுக்குப் போய் வந்துவிடுவாள். ஐம்பத்து மூன்று வயதிலும் ஒரு கதலிக் குலையைத் தனியே கரியரில் தூக்கி வைத்துக் கட்டுவாள். கலியாண வீட்டில்கூட அவளைக் கதிரையில் கண்டவர்கள் குறைவு.

அப்படிப்பட்டவள் ஆனி மாதத்தில் ஒருநாள் கொழும்பில், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் ஓர் அறையில், ஒன்றரை மணித்தியாலமாக ஒரே கதிரையில் இருந்தாள். காலடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மகன் நிருஷனின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் பிரதி, நாலு படங்கள்.

முதல் நாள் காலை ரயில் ஏறும்போது அண்ணன் சீவரத்தினம் ஸ்டேஷன் வரை வந்து சண்டை பிடித்திருந்தார்.

"நாலாம் மாடிக்கு ஆரும் தாங்களா டிக்கெட் எடுத்துக்கொண்டு போறவையோ? ஊரிலை ஒருத்தரைக் காட்டு பாப்பம்."

"அண்ணை, அவை கடிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கினம். நான் முறைப்பாடு குடுத்தவள். குற்றவாளி இல்லை."

"உனக்கு என்ன தெரியும்? போன சனத்தைக் கேட்டியோ?"

"போன சனம் வேறை விஷயத்துக்குப் போனது. நான் என்ரை பிள்ளையைத் தேடப் போறன்."

அப்படி வாயாடிவிட்டு வந்தாலும், போர்க் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்து அடித்த அந்த நாலாம் மாடியை நினைத்து, கட்டடத்தில் ஏறும்போது அவள் ஒவ்வொரு படியாக எண்ணினாள். அறை இரண்டாம் மாடியில்தான் இருந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சப் இன்ஸ்பெக்டர் சிவதர்ஷன். வவுனியாப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். சீருடை இல்லை. ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் வழக்குகளைப் பார்க்கும் பிரிவு அவருடையது. அவர் கேட்டார், அவள் சொன்னாள், அவர் தமிழிலேயே எழுதினார். நிருஷன் போன ஆவணியில் வெளிக்கிட்டது. கொடிகாமத்து சுபாங்கன் என்ற ஏஜென்சிக்காரன் அனுப்பியது. முதலில் டுபாய், பிறகு பெலாரஸ். அங்கிருந்து எல்லை தாண்டிப் போய் எங்கேயோ விமானம் ஏறிக் கனடா என்று சொல்லியிருந்தது. கார்த்திகையில் கடைசியாக வந்த குரல்பதிவு. அதை அவள் போனில் போட்டுக் காட்டினாள்.

"அம்மா, இஞ்சை நல்ல குளிர். காட்டுக்கரையிலை நிக்கிறம். நாளைக்கு நடக்கப் போறமாம். அப்பாவிட்டைச் சொல்லுங்கோ, யோசிக்க வேண்டாமெண்டு."

சிவதர்ஷன் அதை இரண்டு தரம் கேட்டார். பிறகு கோப்புக்குள் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்கடை தானே, அம்மா?"

கறுப்புக் கரை போட்ட காகிதம். நடுவில் அவளுடைய மனுசனின் படம். நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட தம்பிஐயா தியாகராசா அவர்கள் காலமானார். அன்னார் இராசாத்தியின் அன்புக் கணவரும், நிருஷன் (கனடா), கஜானி ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார்.

"மாசி மாசப் பேப்பர்," என்றார் சிவதர்ஷன். "நீங்கள் பொலிசிலை முறைப்பாடு குடுத்தது சித்திரையிலை. சுபாங்கன்ரை ஆக்கள் இதைத்தான் கொண்டுவந்து தந்தவை. 'நான் அனுப்பின பெடியன் போய்ச் சேந்திட்டான், வீட்டுக்காரரே பேப்பரிலை போட்டிருக்கினம். இப்ப என்னிலை ஏதோ கோவத்திலை பொய் முறைப்பாடு குடுக்கினம்' எண்டு சொல்லுறான்."

இராசாத்தி எழும்பிவிட்டாள். ஏன் எழும்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு மெல்ல இருந்தாள்.

அந்த அடைப்புக்குறிக்குள் கனடா வந்தது அவளால்தான்.

மாசியில் தியாகராசா நெஞ்சுவலி என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே போய்விட்டார். வீடு நிறையச் சனம். சீவரத்தினம் பேப்பர்க் கந்தோருக்குப் போன் எடுத்து அறிவித்தல் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளே பார்த்து உரத்துக் கேட்டார்.

"இராசாத்தி, நிருஷனுக்கு எந்த நாடு போடுறது?"

மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் நாடு போடுவது எங்கள் ஊர் வழக்கம். லண்டன், பிரான்ஸ், சுவிஸ், கனடா. நாடு இல்லாத பெயர் என்றால் ஆள் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். நிருஷன் வீட்டில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். தையிலே சுபாங்கன் சொல்லியிருந்தான்: ஆள் கனடாவில் இறங்கிவிட்டார், சிம் கிடைத்ததும் எடுப்பார் என்று. அதற்குப் பிறகும் ஒரு அழைப்பும் வரவில்லை. ஆனால் தெரியாது என்று எந்தத் தாய் சபையில் சொல்வாள்?

"கனடா," என்றாள்.

ஒரு சொல்தான். அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. செத்தவீட்டை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்ட வீடியோக்காரன் வந்திருந்தான். கொள்ளி வைக்க மகன் இல்லாததால் சீவரத்தினத்தின் மகன் யதுசன் கொள்ளிக்குடம் தூக்கினான். பெட்டி மூடும் நேரம் யாரோ சொன்னார்கள், "நிருஷன் பாத்துக்கொண்டிருப்பான், தேப்பன்ரை முகத்தைக் கிட்டக் காட்டுங்கோ." வீடியோக்காரன் குனிந்து தியாகராசாவின் முகத்துக்கு மேலே கமராவை வெகுநேரம் பிடித்தான். "பாக்கிறானோ?" என்று பக்கத்து வீட்டு மகாதேவி அக்கா அவள் காதில் கேட்டாள். "ஓம்" என்று இராசாத்தி தலையாட்டினாள்.

அதன் பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறான். வேலை கிடைத்திருக்கிறது. வதிவிடப் பேப்பர் சரிவந்ததும் வருவான். கஜானிக்கு அச்சுவேலியில் ஒரு சம்பந்தம் பேச்சு வந்தபோது, தமையன் கனடா என்பதும் அந்தப் பேச்சில் இருந்தது. பொலிசில் முறைப்பாடு கொடுத்ததைக்கூட அவள் தனியே, ஒருவருக்கும் தெரியாமல், சந்தைக்குப் போகிற சாட்டில் போய்த்தான் செய்தாள். கொழும்பிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் சீவரத்தினத்துக்கே விஷயம் தெரியும்.

"தம்பி," என்றாள் இராசாத்தி. "அது பொய். நான் சொன்ன பொய். வாக்குமூலத்திலை அப்பிடியே எழுதுங்கோ."

"எழுதுறன், அம்மா. ஆனா அது மட்டும் காணாது." சிவதர்ஷன் பேனையை வைத்தார். "எங்களுக்கு வெளிநாட்டிலை போய்க் கதவு தட்டேலாது. அந்த நாட்டுப் பொலிசைத்தான் கேக்க வேணும். அது இஞ்சையிருந்து இன்டர்போல் மூலமாப் போற கடிதம். கேக்கிறதுக்கு முதல் எங்கடை ஃபைல் நேராயிருக்க வேணும். ஒரு பக்கம் ஆள் காணேல்லை, மறுபக்கம் ஆள் கனடாவிலை எண்டு இருந்தா, மேலை இருக்கிறவை கையெழுத்து வைக்காயினம். வாற புதன்கிழமை நாங்கள் ஊருக்கு வந்து அயல் சனத்தை விசாரிப்பம்."

"அயல் சனத்தையோ?"

"ஓம். அவை என்ன சொல்லுவினம்?"

அயல் சனம் என்ன சொல்லும் என்று இராசாத்திக்கு நன்றாகத் தெரியும். ஊர் முழுக்க ஒரே குரலில் கனடா என்றுதான் சொல்லும். நாலு மாதமாக அவளே சொல்லிக் கொடுத்த பாடம்.

புதன்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

திரும்பி வந்த ரயிலில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தும் இருக்க முடியவில்லை. அனுராதபுரத்திலிருந்து இறங்கும் வரை கதவடியில் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் மகாதேவி அக்கா வீட்டுப் படலையைத் திறந்தாள்.

மகாதேவி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் தனுஷிகா பத்து வருடமாக ரொறன்ரோவில்.

"அக்கா, நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான்."

"ஒண்டுதானோ?" என்று மகாதேவி சிரித்தாள். இராசாத்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நிருஷன் கனடாவுக்குப் போகேல்லை. எங்கை எண்டு தெரியாது. கார்த்திகைக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை."

மகாதேவி கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப போன கிழமை எடுத்தவன் எண்டனி?"

"இல்லை."

"லைவ்விலை பாத்தவன் எண்டனி?"

"இல்லை, அக்கா."

"அடி பாவி. நான் தனுஷிகாவிட்டைச் சொல்லிப்போட்டன், உவன் தனியப் போயிருக்கிறான், ஒருக்காப் போய்ப் பார், சோறு கறி குடு எண்டு. உன்னட்டை நம்பர் கேட்டன். நீ தரேல்லை. பிள்ளை கனடாவிலை எண்டவுடனை இவளுக்குப் பெருமை வந்திட்டுது எண்டு நான் ஊரெல்லாம் பறைஞ்சு திரிஞ்சன்."

"பறைஞ்சதை நானும் கேள்விப்பட்டனான்."

"கேள்விப்பட்டும் வாயைத் திறக்கேல்லையே! விசரி!" மகாதேவி கத்திக்கொண்டே அழத் தொடங்கினாள். பிறகு அழுகையை நிறுத்தி, "போ. இப்ப உன்ரை முகத்தைப் பாக்கேலாது. போ," என்றாள்.

இராசாத்தி போனாள். அடுத்த வீட்டுக்கு. அதற்கடுத்த வீட்டுக்கு. சந்தையில் குலை ஏலம் போகிற நேரத்தில், தராசடியில் நின்றவர்களிடம். கோயில் வாசலில். ஒவ்வொரு இடத்திலும் அதே மூன்று வசனம்: "நிருஷன் கனடாவிலை இல்லை. நான் பொய் சொன்னனான். புதன்கிழமை சி.ஐ.டி வந்து கேட்டா, தெரிஞ்சதை உள்ளபடி சொல்லுங்கோ." முதலாவது வசனத்துக்குச் சனம் வாயில் கை வைத்தது. இரண்டாவதுக்கு ஒருவரையொருவர் பார்த்தது. மூன்றாவதைக் கேட்டதும் அரைவாசிச் சனத்துக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் சீவரத்தினம் வந்து விறாந்தையில் நின்றபடி கத்தினார்.

"உனக்கு மண்டை கழண்டிட்டுதோ? அச்சுவேலியாருக்குக் கதை போனா இந்தச் சம்பந்தம் நிக்குமோ? சி.ஐ.டிக்குத் தனியச் சொல்லுறதைச் சொல்லன். ஊருக்கு ஏன் பறையடிக்கிறாய்?"

"ஊரைத்தான் அண்ணை அவை கேக்கப் போகினம்."

"கேட்டா? எங்கடை சனம் சி.ஐ.டிக்குப் பதில் சொல்லுமோ? படலையைப் பூட்டிப்போட்டு இருக்கும். உது எல்லாம் வீண்."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த கஜானி வெளியே வந்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், வீட்டில் அதிகம் கதைக்காதவள்.

"மாமா, அண்ணையைக் கனடாவிலை வைச்சு எனக்குக் கலியாணம் வேண்டாம்," என்றாள். "அச்சுவேலியாருக்கு அம்மா போக வேண்டாம். நான் போன் எடுத்துச் சொல்லுறன்."

அன்றே எடுத்தாள். மறுபக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறம்" என்று வைத்தார். கஜானி போனை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் துணி மடித்தாள். ஒரே சட்டையை மூன்று தரம் மடித்ததை இராசாத்தி பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு சிவதர்ஷனும் ஒரு பெண் பொலிசும் ஜீப்பில் வந்தார்கள். சீவரத்தினம் சொன்னது சரிதான். ஒழுங்கை முழுவதும் படலைகள் சாத்திக் கிடந்தன. வழமையாக அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். அன்று நாய்கள் மட்டும்தான் பார்த்தன. முதல் வீட்டில் தட்டினார்கள். உள்ளே ரேடியோ பாடியது, ஆள் வரவில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் வந்து, தனக்குக் காது கேளாது என்று மிகத் தெளிவாகப் பதில் சொன்னார். மூன்றாவது வீட்டில், "ஓம், பெடியன் வெளியிலைதான். எங்கை எண்டு எங்களுக்குத் தெரியாது, நாங்கள் ஒருத்தற்றை சோலிக்கும் போறேல்லை" என்றார்கள்.

"அவை பயப்பிடுகினம், தம்பி," என்றாள் இராசாத்தி. அவர்கள் அவளுடைய வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். அவளால் விறாந்தையில் நிற்க முடியவில்லை. படலைக்கும் கிணற்றடிக்கும் நடந்தாள். "இந்த வீடுகளிலை சில வீட்டிலை முந்திச் சண்டை நடந்த காலத்திலை சி.ஐ.டி வந்து ஆக்களைக் கொண்டுபோனவை. அதை ஆர் மறக்கிறது?"

"தெரியும், அம்மா," என்றார் சிவதர்ஷன். கோப்பை மடித்து வைத்தார். கோப்பு மூடினால் எல்லாம் முடிந்தது. நிருஷனைத் தேட இந்த உலகத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை.

அப்போதுதான் படலை கிறீச்சிட்டது. மகாதேவி. தலை தோய்ந்து, நல்ல சீலை உடுத்து, கையில் அடையாள அட்டையோடு வந்தாள். இராசாத்தியின் பக்கம் திரும்பாமல் நேரே சிவதர்ஷனுக்கு முன்னால் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எழுதுங்கோ, ஐயா. இவள் எங்களுக்கெல்லாம் பொய் சொன்னவள். அதை முதல் எழுதுங்கோ."

"சரி, அம்மா. சொல்லுங்கோ."

"என்ரை மோள் ரொறன்ரோவிலை. அங்கை நீர்வேலிச் சனத்துக்கு ஒரு சங்கம் இருக்குது. எங்கடை ஊர்ப் பெடியன் ஒருத்தன் அங்கை கால் வைச்சா மூண்டாம் நாள் ஆரோ ஒருத்தற்றை வீட்டிலை சோறு தின்னுவான். அவனுக்கு வேலை தேடுறதும் அவைதான், குளிருக்குச் சட்டை வாங்கிக் குடுக்கிறதும் அவைதான். ஞாயிற்றுக்கிழமை மோள் சங்கத் தலைவரைக் கேட்டவள். இருநூறு குடும்பத்தின்ரை குறூப்பிலை நிருஷன்ரை படத்தைப் போட்டுக் கேட்டவை. கண்ட ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும். அந்தப் பெடியன் கனடாவிலை இறங்கேல்லை, ஐயா. இந்தா, தலைவர் அனுப்பின கடிதம், மோள் போனுக்குப் போட்டவள். நம்பரும் இருக்குது, நீங்களே எடுத்துக் கேளுங்கோ."

சிவதர்ஷன் கோப்பைத் திரும்பவும் விரித்தார். அரை மணித்தியாலம் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். மகாதேவி கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்து, நிறுத்தினாள்.

"பொய் சொன்னவள் எண்டதை எழுதினீங்களோ?"

"முதல் வரியே அதுதான்."

"நல்லது," என்று கையெழுத்து வைத்தாள். அவள் போன பிறகு, ரேடியோ பாடிய வீட்டுப் படலை திறந்தது. பிறகு காது கேளாத பெரியவரும் வந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்டது.

ஆடியில் சுபாங்கனைக் கைது செய்ததாகச் சிவதர்ஷன் போனில் சொன்னார். ஆவணியில், பெலாரஸ் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்குக் கடிதம் போய்விட்டதாகச் சொன்னார். அதன் பிறகு நீண்ட நாட்களுக்கு ஒன்றும் இல்லை. இராசாத்தி கிழமைக்கு ஒருதரம் எடுத்துக் கேட்பாள். "இன்னும் பதில் வரேல்லை, அம்மா" என்பார். ஒருநாளும் எரிந்து விழவில்லை. அச்சுவேலியாரும் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். கஜானி அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மகாதேவி மட்டும் ஐப்பசியில் ஒருநாள் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் மிளகாய்த்தூளை நீட்டினாள். "பிடி. புதுசா இடிச்சது." அவ்வளவுதான் கதை.

தை கடைசியில் சிவதர்ஷனே போன் எடுத்தார். இராசாத்தி தோட்டத்தில் வாழைச்சருகு வெட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒருக்காக் கொழும்புக்கு வர வேணும். டி.என்.ஏ எடுக்கிறதுக்கு."

"அது என்னத்துக்கு, தம்பி?"

"அங்கையிருந்து பதில் வந்திருக்குது. அவையிட்டை அடையாளம் தெரியாத ஆக்களின்ரை விபரம் கொஞ்சம் இருக்காம். உங்கடை மாதிரியை அனுப்பினா ஒத்துப் பாப்பினம். அவர்தான் எண்டு இல்லை, அம்மா. அவர் இல்லை எண்டும் வரலாம். அப்பிடி வந்தா வேறை பக்கம் தேடலாம்."

"அந்த ஆக்கள் உயிரோடையோ?"

"இல்லை, அம்மா."

இராசாத்தி கத்தியை வாழையடியில் வைத்தாள். இத்தனை மாதமாக எதைக் கேட்டு ஓடினாளோ அது இப்போது வந்துவிட்டது. தேடு என்று கேட்டவள் அவள். தேடினால் இப்படியும் ஒரு பதில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் அதை நினைக்க ஒருநாளும் நின்றதில்லை.

"எப்ப வர வேணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கிழமைதான் தியாகராசாவின் ஆட்டைத் திவசமும் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலியைப் பேப்பரில் போட வேண்டும். சீவரத்தினம் போன வருடத்தைப் போலவே பேப்பர்க் கந்தோருக்குப் போன் எடுத்தார். அதே இடத்தில் வந்து நின்றார். போனைப் பொத்திக்கொண்டு, இம்முறை மெல்லிய குரலில் கேட்டார்.

"நிருஷனுக்கு என்ன போடுறது, பிள்ளை?"

இராசாத்தி யோசிக்கவில்லை. "ஒண்டும் வேண்டாம், அண்ணை. பேரை மட்டும் போடுங்கோ."

"நாடு இல்லாமல் போட்டா வீட்டிலை இருக்கிறான் எண்டு நினைப்பினமே?"

"நினைக்கட்டும். கேட்டா நான் சொல்லுறன்."

மறுநாள் காலை ரயிலில் அவளும் கஜானியும் கொழும்புக்குப் போனார்கள். கஜானி ஸ்டேஷனில் அன்றைய பேப்பரை வாங்கியிருந்தாள். கிளிநொச்சி தாண்டியதும் எதிர் இருக்கையில் இருந்த பெண் அதை வாங்கி வாசித்தாள். பக்கத்தைப் புரட்டியவள், படத்தையும் இராசாத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கடை அவரோ, அக்கா?"

"ஓம்."

"ரெண்டு பிள்ளையளும் இஞ்சைதான் போலை. குடுத்து வைச்சனீங்கள். எங்கடை வீட்டிலை ஒண்டும் இல்லை, எல்லாம் வெளியிலை. மகன் என்ன செய்யிறார்?"

கஜானி தாயைப் பார்த்தாள். இராசாத்தி துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கதவடிக்குப் போகப்போகிறாள் என்று கஜானி நினைத்தாள். போகவில்லை. பையை மேலே தட்டில் வைத்துவிட்டுத் திரும்பவும் இருந்தாள்.

"அவனைக் காணேல்லை, தங்கச்சி," என்றாள். "சி.ஐ.டி தேடுகினம். அதுக்குத்தான் போறம்."